டெலஸ்கோப் வாங்குவதற்கு முன்: ஆழ்விண்வெளி ஆய்வை வீட்டு மேசையில் தொடங்குவது எப்படி

"அண்ணா, ஸ்பேஸ் ரிசர்ச் பண்ணணும்னு ஆசை. டெலஸ்கோப் எவ்வளவு ஆகும்?"

வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு இன்ஜினியரிங் பிள்ளைகள். ஒருமுறை பத்தாவது படிக்கும் பெண்ணின் அப்பா கேட்டார். கையில் ஒரு விளம்பரத் துண்டுச் சீட்டும் வைத்திருந்தார். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: பணத்தை அப்படியே வையுங்கள், முதலில் மூன்று மாதம் மடிக்கணினியோடு உட்காருங்கள். டெலஸ்கோப் நிலாவின் பள்ளங்களைக் காட்டும், சனியின் வளையத்தைக் காட்டும். பார்க்கப் பரவசம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் செய்தியில் படிக்கும் வாயேஜர், ஜூனோ போன்ற விண்கலங்களை எந்த மொட்டைமாடி டெலஸ்கோப்பும் காட்டாது. அவை அனுப்பும் எண்களும் படங்களும் மட்டும் இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. அதை எடுத்து வாசிக்கப் பழகுவதுதான் இந்தத் துறையின் அரிச்சுவடி.

தேவையானவை: ஓரளவு ஓடும் கணினி, இணையம், கோடு போட்ட ஒரு நோட்டு. நோட்டைச் சும்மா சொல்லவில்லை. கடைசியில் அதற்கு வருவோம்.

எது ஆழ்விண்வெளி?

இதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். ரேடியோ அலைவரிசைகளைப் பங்கிடும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குப்படி, பூமியிலிருந்து 20 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால்தான் ஆழ்விண்வெளி. அப்படிப் பார்த்தால் 3.84 லட்சம் கிலோமீட்டரில் இருக்கும் நிலா சேராது. 15 லட்சம் கிலோமீட்டரில் நிற்கும் நம் சூரிய ஆய்வுக்கலம் ஆதித்யா-எல்1 கூட வாசலுக்கு இந்தப் பக்கம்தான். ஆனாலும் இவற்றோடு பேசுவது ஆழ்விண்வெளிக்கென்று கட்டிய ஆன்டெனாக்கள்தான். பெங்களூருக்குப் பக்கத்தில் பியாலாலுவில் இஸ்ரோவின் 32 மீட்டர் ஆன்டெனா இருக்கிறது. 2008இல் சந்திரயான்-1க்காக வேலையைத் தொடங்கியது. ஆகவே வரையறையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். நானும் நிலாவை இந்தப் பட்டியலில் சேர்த்தே பேசுகிறேன்.

படி 1: யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பாருங்கள்

நாசாவுக்கு ஆழ்விண்வெளி வலையமைப்பு (டீப் ஸ்பேஸ் நெட்வொர்க், சுருக்கமாக டி.எஸ்.என்) ஒன்று உண்டு. மூன்று இடங்கள்: கலிபோர்னியாப் பாலைவனத்தில் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினில் மாட்ரிட் அருகே, ஆஸ்திரேலியாவில் கான்பெர்ரா அருகே. உலக உருண்டையில் ஏறக்குறைய 120 பாகை இடைவெளியில் அமைத்திருக்கிறார்கள். பூமி சுற்றச் சுற்ற ஒரு இடத்துக்கு விண்கலம் மறைந்தால் அடுத்த இடம் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் 70 மீட்டர் அகல ஆன்டெனா ஒன்று, கூடவே 34 மீட்டர் ஆன்டெனாக்கள் சில.

இந்த ஆன்டெனாக்கள் இந்த நொடியில் எந்த விண்கலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பதைக் காட்டும் பக்கத்துக்கு 'டி.எஸ்.என் நவ்' என்று பெயர். தேடுபொறியில் ஆங்கிலத்தில் தட்டினால் முதலில் வரும். ஐந்து நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். திறந்ததும் வரிசையாக ஆன்டெனாக் கிண்ணங்கள் தெரியும். சிலவற்றின் மேல் அலை அலையாகக் கோடுகள் ஓடும். மேலே போகும் அலை என்றால் கட்டளை போகிறது, கீழே வரும் அலை என்றால் தரவு வருகிறது. கிண்ணத்தின் மேல் சுருக்கப் பெயர் இருக்கும். வி.ஜி.ஆர் என்றால் வாயேஜர், எம்.ஆர்.ஓ என்றால் செவ்வாயைச் சுற்றும் உளவுக்கலம், ஜே.என்.ஓ என்றால் ஜூனோ.

ஏதாவது ஒன்றைச் சொடுக்கி, 'மேலும் விவரம்' பகுதியைத் திறங்கள். புதியவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். சரக்கு அங்கேதான் இருக்கிறது: தூரம், போய்த் திரும்பும் ஒளிநேரம் (ஒளிவேகத்தில் ஓடும் சிக்னல் போய்த் திரும்ப ஆகும் நேரம்), ஒரு நொடிக்கு எத்தனை பிட், வந்து சேர்ந்த திறன்.

அந்தக் கடைசி எண்ணில் கொஞ்சம் நில்லுங்கள். வாயேஜரைப் பிடிக்கும்போது அது மைனஸ் 160 டி.பி.எம் அருகில் இருப்பதைப் பார்க்கலாம். உங்கள் செல்போனின் அமைப்புகளுக்குள் போனால் சிக்னல் அளவும் இதே டி.பி.எம் கணக்கில்தான் இருக்கும். வீட்டுச் சமையலறை மூலையில் நின்று "ஹலோ, ஹலோ, கேக்குதா" என்று கத்துகிறோமே, அப்போது அது சுமாராக மைனஸ் 100. பத்துப் புள்ளி இறங்கினால் திறன் பத்தில் ஒரு பங்காகும். ஆக, 60 புள்ளி வித்தியாசம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நாம் "டவரே இல்லை" என்று அலுத்துக்கொள்ளும் சிக்னலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அந்த 70 மீட்டர் கிண்ணம் அள்ளிக்கொடுக்கிறது, அதிலிருந்து நொடிக்கு 160 பிட் என்ற நிதானத்தில் தரவு பிரித்தெடுக்கிறார்கள். அனுப்பும் பக்கம் இருப்பதோ சுமார் 22 வாட், கிட்டத்தட்ட ஒரு டியூப்லைட் எடுக்கும் மின்சாரம். நான் பாடம் எடுக்கும்போது செல்போனை எடுத்து இந்த எண்ணைக் காட்டச் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள்.

இந்தப் படியில் உங்கள் வேலை: ஏழு நாள், நாளுக்கு இரண்டு முறை, திரையில் இருப்பதை நோட்டில் எழுதுங்கள். நேரம், எந்த ஊர், எந்த ஆன்டெனா, எந்தக் கலம், எத்தனை பிட். ஒரு வாரத்தில் உங்களுக்கே ஒன்று தட்டுப்படும்: வாயேஜர் 2 எப்போது வந்தாலும் கான்பெர்ராவில்தான் வரும். 1989இல் நெப்டியூனைக் கடக்கும்போது அதன் பாதை தெற்கே திரும்பிவிட்டது. வடக்கே இருக்கும் மற்ற இரண்டு ஊர்களுக்கும் அது அடிவானத்துக்குக் கீழே. கான்பெர்ராவின் 70 மீட்டர் ஆன்டெனா 2020 மார்ச்சில் பழுதுபார்ப்புக்குப் போனபோது கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்தக் கலத்துக்குக் கட்டளை அனுப்ப வேறு வழி கிடையாது.

2023 ஜூலையில் நடந்தது இன்னும் சுவாரசியம். தவறுதலாகப் போன ஒரு கட்டளையால் வாயேஜர் 2 தன் ஆன்டெனாவைப் பூமியிலிருந்து 2 பாகை திருப்பிக்கொண்டது. பேச்சு நின்றுபோனது. கான்பெர்ராவிலிருந்து முழுத் திறனோடு "பூமிப் பக்கம் திரும்பு" என்று அனுப்பிப் பார்த்தார்கள். செய்தி போய்ச் சேர 18 மணி நேரத்துக்கு மேல், பதில் வர அதே அளவு. 37 மணி நேரம் கைகட்டிக் காத்திருந்து, ஆகஸ்ட் 4ஆம் தேதி தரவு திரும்ப வந்ததைப் பார்த்தார்கள். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதும், கான்பெர்ராக் கிண்ணத்தை ஏழு நாள் பார்த்துவிட்டுப் படிப்பதும் வேறு வேறு.

படி 2: தூரத்தை நீங்களே எடுங்கள்

'வாயேஜர் 1 இப்போது எவ்வளவு தூரம்' என்று செய்தியில் தேடாதீர்கள். செய்தி எழுதியவர் எந்த மாதத்து எண்ணை எடுத்தாரோ! நாசாவின் ஜே.பி.எல் ஆய்வகம் 'ஹொரைசன்ஸ்' என்ற சேவையை நடத்துகிறது. கோள், துணைக்கோள், வால்நட்சத்திரம், விண்கலம் என்று எதைக் கேட்டாலும் எந்த நாளில் எங்கே இருக்கும் என்று அட்டவணை போட்டுத் தரும். ஆய்வாளர்களும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு 'பிகினர்' கருவி கிடையாது, தேவையும் இல்லை.

பக்கத்தைத் திறந்தால் ஐந்து வரிகள் இருக்கும். முதல் வரியில் அட்டவணை வகை: 'அப்சர்வர் டேபிள்' என்றே விடுங்கள். இரண்டாவது, எந்தப் பொருள்: மைனஸ் 31 என்று போட்டால் வாயேஜர் 1 வரும், மைனஸ் 32 வாயேஜர் 2. விண்கலங்களுக்கு இங்கே எதிர்க்குறி எண்கள்தான். மூன்றாவது, எங்கிருந்து பார்க்கிறோம்: பூமியின் மையம். நான்காவது, தேதி: ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை, ஒரு நாள் இடைவெளி. ஐந்தாவது, எந்தெந்தப் பத்திகள் வேண்டும்: 20 மற்றும் 21 எண்களை மட்டும் டிக் செய்யுங்கள். இருபது என்பது தூரமும் அது மாறும் வேகமும், இருபத்தொன்று ஒருவழி ஒளிநேரம், நிமிடக் கணக்கில். பொத்தானை அழுத்தினால் பழைய காலத்து டைப்ரைட்டர் தாள் போல நீளமாக ஒன்று வரும். பயப்பட வேண்டாம். இரண்டு டாலர் குறிகளோடு தொடங்கும் வரிக்கும் அதேபோல முடியும் வரிக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் தரவு. மற்றதெல்லாம் விளக்கக் குறிப்பு.

மூன்றாவது வரியில்தான் நான் சறுக்கினேன். எங்கோ படித்த பழக்கத்தில் மையத்தைச் சூரியன் என்று வைத்துவிட்டேன். தூரம் ஒழுங்காக நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. வரைபடம் போட்டால் அளவுகோல் வைத்துக் கிழித்த நேர்கோடு. "இதில் பார்க்க என்ன இருக்கிறது" என்று மூடிவைத்துவிட்டேன். சில வாரம் கழித்து வேறு வேலைக்காகப் பூமியை மையமாக வைத்து எடுத்தபோது பிப்ரவரி, மார்ச் மாத வரிகளில் தூரம் குறைந்துகொண்டே வந்தது. சூரியக் குடும்பத்தை விட்டு நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கலம் நம்மை நெருங்குகிறதா? கோப்பு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

கெடவில்லை. பூமி சூரியனை நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. வருடத்தில் சில மாதங்கள் அந்த ஓட்டம் வாயேஜர் இருக்கும் திசையை நோக்கி அமைந்துவிடும். அப்போது அது ஓடும் வேகத்தைவிட நாம் துரத்தும் வேகம் கூட. அந்த நாட்களில் இருபதாவது பத்தியின் வேக எண்ணுக்கு முன்னால் எதிர்க்குறி வரும். நீங்களும் இந்த வரைபடத்தை ஒருமுறை போடுங்கள், எக்செல் போதும். நேர்கோட்டுக்குப் பதிலாக ஏறி, சற்றே இறங்கி, மறுபடி ஏறும் படிக்கட்டு ஒன்று கிடைக்கும். பள்ளிப் புத்தகத்தில் 'பூமி சூரியனைச் சுற்றுகிறது' என்று மனப்பாடம் செய்தோமே, அது நீங்களே இறக்கிய எண்களில் எழுந்து நிற்கும்.

இப்போது ஒளிநேரத்தைக் கையால் சரிபாருங்கள். ஒரு வானியல் அலகு, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம், 14,95,97,871 கிலோமீட்டர். ஒளி அதைக் கடக்க 499 நொடி. தூரம் 166 அலகு என்று அட்டவணை சொன்னால் 166ஐ 499ஆல் பெருக்குங்கள்: 82,834 நொடி, அதாவது 23 மணி நேரமும் அரை நிமிடமும். இருபத்தொன்றாவது பத்தியோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் தவறு உங்களுடையதுதான். எங்கே என்று தேடுங்கள். அந்தத் தேடலில்தான் பாதிப் படிப்பு.

ஒரு வீட்டுப்பாடம்: 2026ஆம் ஆண்டுக்கு அட்டவணை எடுத்து, ஒளிநேரம் 1,440 நிமிடத்தைத் தாண்டும் நாளைக் கண்டுபிடியுங்கள். அன்றுதான் மனிதன் செய்த ஒரு பொருள் முதல்முறையாக ஒரு ஒளிநாள் தூரத்தைத் தொடுகிறது. விடை நவம்பர் நடுவில் வரவேண்டும். தேதியை நான் சொல்லப்போவதில்லை.

படி 3: படத்தைப் பாருங்கள், ஆனால் இரண்டு படமாகப் பாருங்கள்

2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலாவில் மோதியது நினைவிருக்கும். செப்டம்பர் 17 அன்று நிலாவைச் சுற்றிவரும் நாசாவின் எல்.ஆர்.ஓ கலம் அந்தப் பகுதியைப் படமெடுத்தது. நாசா குழுவினரால் முதலில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. படத்தைப் பொதுவில் வெளியிட்டார்கள். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அதை இறக்கி, ஒரு மடிக்கணினியில் பழைய படம், இன்னொன்றில் புதிய படம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து இடம் இடமாகத் தேடினார். பழையதில் இல்லாத, ஒரு பிக்சல் அளவே உள்ள வெள்ளைப் புள்ளி ஒன்று புதியதில் இருந்தது. அக்டோபரில் நாசாவுக்குத் தெரியப்படுத்தினார். அவர்கள் அக்டோபரிலும் நவம்பரிலும் எடுத்த படங்களில் சரிபார்த்து, டிசம்பர் 2ஆம் தேதி அது விக்ரமின் சிதைவுதான் என்று அவர் பெயரைச் சொல்லி அறிவித்தார்கள்.

இதை 'நம்ம ஊர் ஆள் சாதித்துவிட்டார்' என்ற பெருமையோடு மட்டும் படித்து நகர்ந்துவிடுகிறோம். அவர் செய்த முறையைக் கவனியுங்கள். அவர் கையில் இருந்தது எல்லோருக்கும் கிடைக்கும் படம். செய்தது ஒப்பீடு. ஒற்றைப் படத்தில் எந்த வெள்ளைப் புள்ளியும் ஒரு பாறைதான்; நேற்று இல்லாமல் இன்று இருந்தால்தான் அது செய்தி.

இதைப் பழக, எல்.ஆர்.ஓ கேமராக் குழுவின் 'குயிக்மேப்' என்ற நிலா வரைபடத்துக்குப் போங்கள். தேடும் கட்டத்தில் 69.37 தெற்கு, 32.32 கிழக்கு என்று போடுங்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கிய இடம் அது. இறங்குவதற்கு முன் எடுத்த படம் ஒன்று, இறங்கிய பின் எடுத்த படம் ஒன்று என இரண்டை இறக்குங்கள். 'கிம்ப்' என்ற இலவச மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு வையுங்கள். மேல் அடுக்கை மறைத்து, காட்டி, மறைத்து, காட்டிப் பாருங்கள். மாறாதவை அசையாமல் இருக்கும். மாறியது மட்டும் கண் சிமிட்டும்.

செய்து பார்த்தவுடன் உங்களுக்கு நூறு 'கண்டுபிடிப்புகள்' கிடைக்கும். தொண்ணூற்றொன்பது நிழல். ஒரு படத்தில் சூரியன் கிழக்கே இருந்திருக்கும், மற்றொன்றில் மேற்கே. அதே பள்ளம் வேறு பள்ளம் போலத் தெரியும். அதனால் ஒப்பிடும் முன், படத்தோடு வரும் விவரக் கோப்பில் சூரியக் கோணத்தைப் பாருங்கள். கூடியவரை நெருங்கிய கோணம் உள்ள இணையையே எடுங்கள். பள்ளமா மேடா என்ற குழப்பமும் வரும். நம் கண் வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். கீழிருந்து வந்தால் பள்ளமெல்லாம் கொப்புளமாகத் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், சட்டென்று மாறிவிடும்.

இன்னொரு வலை, படச் சுருக்கம். ஜேபெக் படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்கள் முளைக்கும். அதைச் சுவர் என்றும் கட்டடம் என்றும் சொல்லி வீடியோ போட்டவர்கள் உண்டு. பார்வையாளர்களும் லட்சக்கணக்கில் உண்டு! நீங்கள் மூலக் கோப்பை எடுத்துப் பார்த்தால் கட்டடம் காணாமல் போய்விடும்.

நிலா அலுத்துவிட்டால் வியாழன். ஜூனோ 2011 ஆகஸ்டில் கிளம்பி 2016 ஜூலையில் வியாழனைச் சென்றடைந்தது. அதிலுள்ள ஜூனோகேம் பொதுமக்களுக்கென்றே வைத்தது; மூலப் படங்களை அப்படியே வெளியிட்டு, "நீங்களே பதப்படுத்துங்கள்" என்கிறார்கள். இறக்கிப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். வியாழனே தெரியாது. 1,648 பிக்சல் அகலம், 128 பிக்சல் உயரம் கொண்ட கறுப்பு வெள்ளைப் பட்டைகள், நீலம், பச்சை, சிவப்பு என்று மாறி மாறி அடுக்கியிருக்கும். கலம் நிமிடத்துக்கு இரண்டு சுற்று சுழன்றுகொண்டே எடுப்பதால் இப்படி. செய்தித்தாளில் வரும் அந்த எண்ணெய் ஓவியம் போன்ற சுழல்கள் எல்லாம் இந்தப் பட்டைகளை ஒட்டி வந்தவை. பல படங்களை ஒட்டியவர்கள் கெவின் கில், ஜெரால்ட் ஐக்ஸ்டாட் போன்ற ஆர்வலர்கள்தான். உங்கள் முதல் முயற்சி விளிம்பில் நிறம் பிரிந்து, பழைய காலண்டர் அச்சுப் பிழை போல இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது.

படி 4: நம் நாட்டுத் தரவு

இஸ்ரோவின் விண்வெளி அறிவியல் தரவு மையம் 'பிரதான்' என்ற இணையதளத்தை நடத்துகிறது. சந்திரயான்-2, சந்திரயான்-3, ஆதித்யா-எல்1 ஆகியவற்றின் தரவு அங்கே. பதிவு செய்துகொள்ள வேண்டும், கட்டணம் கிடையாது. ஆதித்யாவின் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர், சந்திரயான்-3க்கு வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதெல்லாம் செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கருவிகள் அனுப்பிய கோப்புகளைத் திறந்து பார்த்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதுதான் என் ஆதங்கம்.

தொடக்கத்துக்கு ஆதித்யாவின் 'சோலெக்ஸ்' கருவியை எடுங்கள். சூரியனை ஒரே புள்ளியாகப் பாவித்து எக்ஸ் கதிர் எவ்வளவு வருகிறது என்று நொடிக்கு நொடி எண்ணும் கருவி. படம் கிடையாது, எண்கள் மட்டும். அதனாலேயே புதியவருக்கு எளிது. கோப்பு 'ஃபிட்ஸ்' என்ற வடிவில் இருக்கும். சாதாரணப் படம் பார்க்கும் மென்பொருளில் திறக்காது. பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் 'ஆஸ்ட்ரோபை' என்ற நூலகத்தைக் கொண்டு ஐந்தாறு வரியில் திறந்து வரைபடம் போட்டுவிடலாம். பைத்தான் தெரியாதென்றால் இதுவே கற்க நல்ல சாக்கு. சும்மா 'ஹலோ வேர்ல்ட்' அடித்து யாரும் பைத்தான் கற்றதில்லை.

நாள் எதை எடுப்பது? 2024 மே. 10, 11 தேதிகளில் பெரிய சூரியப் புயல் பூமியைத் தாக்கியது. அதைக் கிளப்பிய சூரியக் கரும்புள்ளிக் கூட்டமே மே 14 அன்று எக்ஸ் 8.7 அளவில் வெடித்தது (சூரிய வெடிப்புகளில் எக்ஸ்தான் மிகப் பெரிய வகை), உச்சம் உலக நேரம் (யு.டி.சி) 16:51. இதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பயிற்சி.

இங்கேயும் என் கதை ஒன்று. நான் 16:51ஐச் சுற்றிப் பார்த்தேன், தட்டையாக இருந்தது. கருவியை அணைத்து வைத்திருந்தார்கள் போல என்று எனக்கு நானே முடிவு கட்டி, ஒரு நண்பனிடம் அதைத் தெரிந்தவன் போலச் சொல்லியும்விட்டேன். அவன் அமைதியாக, "நீ ஏன் இந்திய நேரத்துக்கு மாத்தின?" என்றான். என் நிரலில் ஏதோ ஒரு மூலையில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி வைத்திருந்தேன். உலக நேரம் 16:51 என்றால் நமக்கு இரவு 10:21. அங்கே போய்ப் பார்த்தால் குத்துவாள் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது! அன்றிலிருந்து என் நோட்டில் எல்லா நேரமும் உலக நேரம்தான். பக்கத்தில் பென்சிலால் நம் நேரம்.

சோலெக்ஸில் இரண்டு உணரிகள் உண்டு. பெரிய துளை உள்ளது அமைதியான சூரியனுக்கு, சிறிய துளை உள்ளது இதுபோன்ற வெடிப்புகளுக்கு. முதலாவதை எடுத்தால் உச்சம் மழுங்கித் தெரியலாம். தராசின் அளவைத் தாண்டிய எடை மாதிரி. ஆகவே இரண்டையும் போட்டு ஒப்பிடுங்கள். அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்களின் எக்ஸ் கதிர் வரைபடமும் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்றாவதாக அதையும் பக்கத்தில் வையுங்கள். வேறு வேறு நாட்டார் செய்த இரு கருவிகள் ஒரே நிமிடத்தில் துள்ளுவதைப் பார்த்தால் நீங்கள் செய்தது சரி.

கணினி வேலை பிடிக்காதவர்களுக்கு ஒரு மாற்று வழி சொல்கிறேன். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்று இரண்டு ஊர்கள். அங்குள்ள அனார்த்தசைட் பாறை நிலாவின் மேட்டுநிலப் பாறையோடு ஒத்துப்போவது. சந்திரயான்-2க்காக நிலா மண் போலவே ஒரு மண் தேவைப்பட்டபோது இந்தப் பாறையை எடுத்து அரைத்துத்தான் இஸ்ரோ பயன்படுத்தியது. தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் அதன் மேல் சோதித்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியமைப்பியலாளர்கள் இதில் உதவினார்கள். புவியமைப்பியல் (ஜியாலஜி) படிப்பவராக இருந்தால் உங்கள் ஆழ்விண்வெளிக் களம் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. சுத்தியலோடு போகாதீர்கள், பார்த்து, படமெடுத்து, ஊர்க்காரர்களிடம் பேசிவிட்டு வாருங்கள்.

படி 5: ஒரு கேள்வி, சின்னதாக

மூன்று மாதம் ஓடியிருக்கும். இப்போது ஆய்வு. 'கருந்துளையைப் பற்றி ஆராயப் போகிறேன்' என்று வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். இப்படிக் கேளுங்கள்: வாயேஜர் 1க்கு ஒரு மாதத்தில் 70 மீட்டர் ஆன்டெனா எத்தனை மணி நேரம் கிடைக்கிறது, 34 மீட்டர் எத்தனை? அல்லது: சந்திரயான்-3 இறங்கிய இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் பத்து மீட்டருக்கு மேல் அகலமுள்ள பள்ளங்கள் எத்தனை? விடை ஒரு எண்ணாக வர வேண்டும். அந்த எண் எவ்வளவு தவறாக இருக்க வாய்ப்பு என்றும் நீங்கள் சொல்ல வேண்டும். பள்ளங்களை நீங்கள் ஒருமுறை எண்ணுங்கள், தங்கையை ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் 61, அவள் 74 என்றால் உங்கள் விடை 61 இல்லை. ஏன் இந்த வேறுபாடு என்பதுதான் இனி உங்கள் ஆய்வு.

ஏதாவது புதிதாகக் கண்டதாகத் தோன்றினால் உடனே ரீல்ஸ் போடாதீர்கள். சண்முக சுப்பிரமணியனுக்கே இரண்டு மாதம் காத்திருந்த பிறகுதான் பதில் உறுதியானது. எழுதும்போது அந்தக் கருவியின் குழுவுக்கே எழுதுங்கள்; தொடர்பு முகவரி தரவுப் பக்கத்திலேயே இருக்கும். கோப்பின் முழுப் பெயர், படத்தில் எத்தனையாவது வரி எத்தனையாவது பத்தி, ஒப்பிட்ட பழைய கோப்பின் பெயர், உங்கள் சந்தேகம் ஒரே வாக்கியத்தில். 'நான் சிறு வயதிலிருந்தே விண்வெளி மேல் ஆர்வம் கொண்டவன்' என்ற பத்தி வேண்டாம். அந்தப் பக்கம் இருப்பவர் கோப்பைத் திறந்து அந்தப் பிக்சலுக்கு நேராகப் போக முடிந்தால் பதில் வரும்.

நோட்டுக்கு வருகிறேன் என்றேனே. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் நாலு விஷயம் எழுதுங்கள்: உலக நேரம், எந்தக் கோப்பு அல்லது எந்தப் பக்கம், என்ன அமைப்பு வைத்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள். வந்த விடையை அதற்குப் பிறகு எழுதுங்கள். எதிர்பார்ப்பை முன்னால் எழுதாவிட்டால் விடை வந்த பிறகு "எனக்கு அப்போதே தெரியும்" என்று மனசு ஏமாற்றிவிடும். என்னுடையதில் 'கருவி அணைக்கப்பட்டிருந்தது' என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 5:30 என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.